உயர்த்திய ஜீப், சின்ன பட்ஜெட்: ஆயிரம் டாலரில் எதை முதலில் மாத்தணும்?

பழைய ஜீப் ராங்லர் விளம்பரங்களை ஒரு வாரம் பார்த்தால் போதும், ஒரே வாசகம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். "மூணு இஞ்ச் லிஃப்ட், 35 இஞ்ச் டயர், எங்கே வேணும்னாலும் போகலாம்." படத்தில் வண்டி கம்பீரமாக நிற்கும். தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் பிள்ளை, "அப்பா, இதுதான்!" என்று முடிவே பண்ணிவிடும். நம்ம அப்பா அம்மாவுக்கு அமெரிக்காவில் கார் என்றால் கேம்ரி, இல்லாவிட்டால் அக்கார்ட். இருபது வருஷம் ஓடணும், நேரத்துக்கு ஆயில் மாத்தணும், அவ்வளவுதான். நல்ல ரோடு இருக்கும்போது கல்லிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்றே ஒரு வண்டியா என்பது அவர்களுக்கு இன்றைக்கும் புரியாத சமாசாரம். இங்கேயே வளர்ந்த நமக்குப் புரிகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டெத் வேலிக்கும் மோவாபுக்கும் போகணும் என்று ஆசையும் இருக்கிறது. பட்ஜெட்தான் இல்லை, வீட்டுக் கடன், டே கேர், பரதநாட்டிய வகுப்பு என்று அது ஏற்கெனவே பங்கு போட்டாச்சு.

அதனால் பலரும் முந்தைய ஓனர் ஏற்கெனவே உயர்த்தி வைத்த வண்டியை வாங்குகிறோம். தவறில்லை. ஆனால் வண்டியை உயர்த்துவது வேறு, சஸ்பென்ஷனை மேம்படுத்துவது வேறு. உயரம் மட்டும் வேணும்னா கம்பெனி ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு ஸ்பேசரைச் சொருகினால் போதும், இருநூறு டாலருக்குள் வேலை முடிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டாயிரம் டாலர் செலவு பண்ணின வண்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. பின்சீட்டில் இரண்டு கார் சீட்டைக் கட்டிக்கொண்டு ஃப்ரீவேயில் 65 மைல் வேகத்தில் திடீரென்று லேன் மாறும்போதுதான் தெரியும்.

இந்தக் கட்டுரையில் நான் பெரும்பாலும் பேசப்போவது 2007 முதல் 2018 வரை வந்த ஜேகே ராங்லரின் நான்கு கதவு வண்டியைப் பற்றி. ஒரு குடும்பத்தின் பட்ஜெட்டுக்குள் அதிகம் கிடைப்பது அதுதான். முன்னாலும் பின்னாலும் முழு ஆக்சில், நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். எளிமையான அமைப்பு, பாகங்கள் எங்கேயும் கிடைக்கும், வீட்டு டிரைவ்வேயிலேயே வேலை பார்க்கலாம்.

முதலில் கதவு லேபிள்

காசு செலவு பண்ணுவதற்கு முன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்க. ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு எண் இருக்கும். நான்கு கதவு ராங்லரில் பெரும்பாலும் ஆயிரம் பவுண்டுக்குப் பக்கத்தில் இருக்கும். வண்டியின் உருவத்தைப் பார்த்தால் இன்னும் நிறைய தாங்கும் போலத் தோன்றும். தாங்காது.

கணக்குப் போட்டுப் பாருங்க. அப்பா 180, அம்மா 140, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 110, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி 130. ஆட்களே 560 ஆச்சு. முந்தைய ஓனர் போட்ட இரும்பு பம்பர், வின்ச் இரண்டும் சேர்ந்து கூடுதலாக ஒரு 150. பெரிய டயர் ஒன்றுக்கு 20 பவுண்டு அதிகம் என்று வைத்தால், ஸ்டெப்னியோடு ஐந்துக்கு 100. இப்போது 810. கூரையில் ரேக்கும் டென்ட்டும் ஏற்றினால் இன்னும் 200. ஆயிரத்தைத் தாண்டியாச்சு, இட்லி மாவு டப்பா இன்னும் வண்டியில் ஏறலை. ஐந்து காலன் தண்ணீரே 42 பவுண்டு.

எந்த ஸ்பிரிங் போட்டாலும், எந்த ஷாக் போட்டாலும் அந்த லேபிளில் இருக்கும் எண் மாறாது. கடைக்காரர் "ஹெவி டியூட்டி ஸ்பிரிங் சார், எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம்" என்று சொன்னால் நம்பாதீங்க. ஸ்பிரிங் தாங்கலாம், பிரேக், ஆக்சில், ஃபிரேம் எல்லாம் பழையதுதானே. ஆகவே முதல் மேம்பாடு, கழற்றி வைப்பது. வருஷத்துக்கு இரண்டு முறை பயன்படும் கூரை டென்ட் மற்ற ஐம்பது வாரமும் கராஜில் இருக்கட்டும்.

உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வண்டி கவிழும் அபாயத்தை மதிப்பிட அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை ஓர் எளிய விகிதத்தை வைத்திருக்கிறது: இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, வண்டியின் எடை மையம் இருக்கும் உயரத்தின் இரு மடங்கால் வகுப்பார்கள். விடை குறைந்தால் அபாயம் கூடும். லிஃப்ட் போட்டாலும் கூரையில் எடை வைத்தாலும் அந்த உயரம்தான் ஏறுகிறது. பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் காஸ்ட்கோவுக்கும் ஓடி, மாசத்துக்கு ஒரு தடவை மண் ரோட்டைப் பார்க்கும் வண்டிக்கு 2 அல்லது 2.5 இஞ்ச் தாராளம். நாலு இஞ்ச் போட்ட வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அந்த உயரத்தைச் சரியாக ஓடவைக்கத் தேவையான பாகங்களுக்கு ஆகும் செலவு, விலையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். பாட்டி ஏறுவதற்கு ஒரு முக்காலியும் எப்போதும் வண்டியிலேயே இருக்கணும்.

ஷாக்: காசு முதலில் போக வேண்டிய இடம்

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியபின் இன்னும் இரண்டு மூன்று தடவை தானாக ஆடினால், பிரேக் பிடிக்கும்போது மூக்கு ரொம்பக் குத்தினால், பின்சீட்டில் பிள்ளைக்கு வாந்தி வந்தால், பெரும்பாலும் ஷாக்தான் காரணம்.

மலிவாக உயர்த்திய வண்டிகளில் வழக்கமாகக் கிடப்பது, ஸ்பேசர் போட்டுவிட்டு மாற்றாமல் விட்ட கம்பெனி ஷாக். வண்டி உயர்ந்ததால் அந்தக் குட்டை ஷாக் நிற்கும்போதே பாதிக்கு மேல் நீண்டு கிடக்கும். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் மேற்கொண்டு நீள இடமில்லாமல் "டக்" என்று முட்டும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ரொம்ப நீளமான ஷாக்கைப் போட்டால், சக்கரம் மேலே வரும்போது உள்ளே சுருங்க இடமில்லாமல் அடிவாங்கி, சீலோ மவுண்ட்டோ போய்விடும்.

ஆகவே வாங்குவதற்கு முன் அளந்து பாருங்க. விளம்பரத்தில் சொன்ன "மூணு இஞ்ச்" உண்மையில் இரண்டாகவும் இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து, அதே மாடல் உயர்த்தாத வண்டியின் அளவோடு ஒப்பிடுங்க. தரையிலிருந்து அளந்தால் டயர் பெரிசானதும் கணக்கில் சேர்ந்துகொண்டு ஏமாற்றும். அடுத்து ஷாக்கின் மேல் மவுண்ட்டிலிருந்து கீழ் மவுண்ட் வரை அளவு எடுங்க. பிறகு ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எத்தனை இஞ்ச் இடைவெளி இருக்கிறது என்று பாருங்க. முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், சக்கரம் முழுசாக மேலே வரும்போது ஷாக் எவ்வளவு குறுகணும் என்பது தெரியும். பம்ப் ஸ்டாப் ரப்பரும் நசுங்கும், அதற்கு இன்னும் ஒரு இஞ்ச் விடுங்க. ஷாக் கம்பெனிகள் எல்லாமே சுருங்கிய நீளம், விரிந்த நீளம் இரண்டையும் தங்கள் பட்டியலில் போட்டிருக்கும். உங்கள் எண்ணுக்குப் பொருந்தாவிட்டால் பம்ப் ஸ்டாப்பை நீட்டிக்கும் துண்டு ஒன்று வாங்கணும். ஐம்பது டாலர் சமாசாரம்தான். ஐநூறு டாலர் ஷாக்கைக் காப்பாற்றுவது அதுதான்.

இனி எந்த ஷாக்? பட்ஜெட்டில் இரண்டு வகை. ரான்சோ ஆர்எஸ்5000எக்ஸ் மாதிரி இரட்டைக் குழாய் ஷாக் நான்கும் சேர்ந்து சுமார் 300 முதல் 400 டாலர். பில்ஸ்டீன் 5100 மாதிரி ஒற்றைக் குழாய் ஷாக் நான்கும் சுமார் 450 முதல் 600. ஃபாக்ஸ் 2.0 அதற்கும் மேலே. விலை கடைக்குக் கடை, சீசனுக்கு சீசன் மாறும். நன்றி செலுத்தும் நாளை ஒட்டி வரும் தள்ளுபடிக்குக் காத்திருப்பது நல்ல யோசனை.

ஒற்றைக் குழாயில் எண்ணெய் இருக்கும் குழாயே வெளிச்சுவர். அதனால் சூடு நேராகக் காற்றில் போய்விடும். எண்ணெயையும் நைட்ரஜன் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைப்பதால் எண்ணெய் நுரைக்காது. இது எங்கே முக்கியம் என்றால், டெத் வேலியில் உபெஹீபி எரிமலை வாயிலிருந்து ரேஸ்டிராக் ஏரிப்படுகை வரை போகும் மண் ரோடு மாதிரி இடங்களில். சுமார் 27 மைல், துணி துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக இருக்கும். தானாக நகர்ந்து தடம் விட்ட கற்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. ஷாக்கைக் கொல்லவும் இதைவிட நல்ல இடம் இல்லை. ஒவ்வொரு வரியும் ஒரு சின்னக் குத்து. ஒரு மணி நேரம் விடாமல் ஆயிரக்கணக்கில் விழும்போது எண்ணெய் சூடேறி, ஷாக் தன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும். ஸ்டீயரிங் மிதப்பது போல் இருக்கும்.

அப்படியானால் ஒற்றைக் குழாயே நல்லது என்று எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. சிறு மேடுகளில் அது கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும். கல் பட்டு வெளிச்சுவர் நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும், சவாரியும் மெதுவாக இருக்கும். நீங்கள் போவது ஹாலிஸ்டர் ஹில்ஸ் மாதிரி மெதுவாக ஏறி இறங்கும் இடங்கள், மீதி நேரம் ஊருக்குள் என்றால் மலிவான இரட்டைக் குழாயே போதும். பாலைவன மண் ரோட்டில் நீண்ட தூரம் போகும் குடும்பம் கூடுதல் 150 டாலரைக் கொடுத்து ஒற்றைக் குழாய்க்குப் போகலாம். தனித் தொட்டி வைத்த விலையுயர்ந்த ஷாக்குகள் பந்தய வேகத்தில் போகிறவர்களுக்கு. 15 மைல் வேகத்தில் "அப்பா, மெதுவா!" என்ற குரல் கேட்கும் வண்டிக்கு அது எதற்கு?

ஸ்பிரிங் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால், காலியாக ஓடும் வண்டிக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டால் எலும்பு குலுங்கும். விடுமுறையில் மட்டும் பின்னால் எடை கூடுகிறதா? பின் காயில் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப் பை நூறு டாலரைச் சுற்றிக் கிடைக்கும். ஏற்றும்போது காற்று அடித்து, வீடு வந்ததும் இறக்கிவிடலாம்.

ஸ்டீயரிங் ஆடுகிறதா?

ஜேகே வைத்திருப்பவர்கள் பயப்படும் ஒரு விஷயம், 'டெத் வாபிள்'. ஐம்பது மைல் வாக்கில் ஒரு சின்னப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கும். அடுத்த நொடி முன் ஆக்சிலே இடமும் வலமும் வெறிபிடித்த மாதிரி உதறும். ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது. அப்படி வந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பதறாமல் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்க. வேகம் குறைந்தால் நின்றுவிடும். ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மறுபடி ஃப்ரீவேக்குப் போகாதீங்க.

காரணம் பெரும்பாலும் தளர்ந்த ட்ராக் பார் போல்ட், நீள்வட்டமாகிப்போன போல்ட் துளை, தேய்ந்த பால் ஜாயின்ட் அல்லது டை ராட் முனை, பேலன்ஸ் சரியில்லாத பெரிய டயர். பல இடங்களில் புதிய ஸ்டீயரிங் டேம்பரை மாட்டி அனுப்பிவிடுவார்கள். அது நோயைத் தீர்க்காது, இருமலை மட்டும் அடக்கும். விற்பனைக்கு வந்த வண்டியில் பளபளவென்று புது டேம்பரும் மற்றதெல்லாம் துருவுமாக இருந்தால் அது ஏன் என்று கேளுங்க.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமதளத்தில் பார்க்கில் போட்டு, கை பிரேக் இழுத்து, எஞ்சினை ஓடவிட்டு, துணைவரை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொல்லுங்க. அவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் விரைவாகக் கொஞ்சம் கொஞ்சம் திருப்பட்டும். நீங்கள் முன்பக்கம் ஓரமாகக் குனிந்து டார்ச் அடித்து ட்ராக் பாரின் இரு முனைகளையும் பாருங்க. வண்டிக்கு அடியில் நுழைய வேண்டாம். முனை மவுண்ட்டுக்குள் அசைந்தாலோ "க்ளக்" என்று சத்தம் கேட்டாலோ, குற்றவாளி அங்கேதான்.

உயர்த்தியதால் வரும் வேறு இரண்டு கோளாறுகள் உண்டு. ட்ராக் பார் ஒரு முனை ஃபிரேமிலும் மறுமுனை ஆக்சிலிலும் மாட்டியிருப்பதால், வண்டி உயரும்போது ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். நீளத்தைச் சரிசெய்யும் ட்ராக் பார் 150 முதல் 250 டாலர், அதை நடுவுக்குக் கொண்டுவரும். அடுத்து கேஸ்டர், அதாவது முன்சக்கரத் திருப்பு அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வை நினைத்துக்கொள்ளுங்க. கம்பெனியில் நாலு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். லிஃப்ட் போட்டால் குறையும். குறைந்தால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, நேர் ரோட்டில் வண்டி அலையும். இதற்கு நீளம் மாற்றக்கூடிய கீழ்க் கண்ட்ரோல் ஆர்ம் வாங்கினால் முந்நூறைத் தாண்டும். கண்ட்ரோல் ஆர்ம் மாட்டும் இடத்தைக் கீழே இறக்கும் பிராக்கெட் நூறு, நூற்றைம்பதில் முடியும். பாறைமேல் ஏறும்போது பிராக்கெட் தட்டும் என்று ஆர்வலர்கள் முகம் சுளிப்பார்கள். நீங்கள் பாறை ஏறப் போகவில்லை என்றால் அது நல்ல தீர்வு, ரோட்டிலும் சவாரி மெதுவாகும்.

காசே ஆகாத ஒன்று, ஆனால் மறந்தால் ஆபத்து: லிஃப்டுக்குப் பிறகு ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நின்றால் உடனே ட்ராக் லிங்க்கில் இருக்கும் சரிசெய்யும் குழலைத் திருப்பி நேராக்குங்க. வண்டியின் சறுக்கல் தடுப்பு மின்னணு, ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்கும். கோணலாக இருந்தால் நேராகப் போகும்போதே நீங்கள் திரும்புவதாக நினைத்துக்கொண்டு பிரேக்கைத் தொடும். ஹெட்லைட்டையும் கொஞ்சம் இறக்குங்க. எதிரே வருபவரின் கண்ணைக் குத்துவது நம்ம வண்டியாக இருக்க வேண்டாம்.

டொயோட்டா 4ரன்னர், டகோமா வைத்திருப்பவர்களுக்கு ட்ராக் பார் தொல்லை முன்னால் கிடையாது, முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும். அங்கே பிரச்சினை வேறு: ரொம்ப உயர்த்தினால் சிவி ஆக்சில் கோணம் செங்குத்தாகி அதன் ரப்பர் உறை கிழியும், அலைன்மென்ட் கிடைக்காது. இரண்டு, இரண்டரை இஞ்சைத் தாண்டினால் மேல் கண்ட்ரோல் ஆர்மும் மாற்ற வேண்டிவரும். ஸ்ட்ரட்டுக்கு மேலே வைக்கும் ஸ்பேசரைவிட, உயரத்தைப் பள்ளம் பள்ளமாக மாற்றக்கூடிய பில்ஸ்டீன் 5100 முன் ஷாக் நல்ல பேரம்.

ஆயிரம் டாலர் எங்கே போகும்?

ஜேகேக்கு என் கணக்கு: ஷாக் நான்கு 350 முதல் 550, பம்ப் ஸ்டாப் துண்டுகள் 50, பிராக்கெட் 120, ட்ராக் பார் 180, அலைன்மென்ட் 130. ஸ்வே பார் லிங்க்குகளில் மிச்சம் பிடிக்கலாம்: முன்னால் இருக்கும் கம்பெனி லிங்க்கைக் கழற்றிப் பின்னால் போட்டு, முன்னுக்கு மட்டும் புதுசு வாங்குவது ஜேகேயில் பலரும் செய்வதுதான். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று சக்கரம் முழுசாகத் தொங்கும் நிலையில் பார்த்துக்கொள்ளுங்க.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே, இந்த வாரக் கடைசியிலேயே செய்யக்கூடியது டயர் காற்றைக் குறைப்பது. மண் ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் 20 முதல் 25 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயரே பாதி குலுக்கலை வாங்கிக்கொள்ளும். ஒரு கேஜ், நூறு டாலர் கம்ப்ரஸர், அவ்வளவுதான் செலவு. தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறுபடி அடித்துவிட்டுத்தான் வேகம் எடுக்கணும். பத்து வயதுப் பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்க, அடுத்த ட்ரிப்புக்கு அதுவே முதலில் கிளம்பி நிற்கும்.

வாரன்டி இன்னும் இருக்கும் வண்டி என்றால், வெளிப்பாகம் போட்டதாலேயே மொத்த வாரன்டியும் போய்விட்டது என்று டீலர் சொல்ல முடியாது. அந்தப் பாகம்தான் கோளாறுக்குக் காரணம் என்று அவர்தான் காட்டணும். 1975-இலிருந்து மாக்னசன்-மாஸ் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் மாற்றங்களை எழுத்தில் சொல்லிவிடுங்க. உயர வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறு, அதையும் பார்த்துக்கொள்ளுங்க.

மாட்டும்போது ஒன்று. கண்ட்ரோல் ஆர்ம், ட்ராக் பார் போல்ட்டுகளை வண்டி ஜாக்கில் தொங்கும்போது முழுசாக முறுக்காதீங்க. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் எடை இறங்கிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கணும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். ஜேகேயின் முன் ட்ராக் பாருக்கு 125 அடி-பவுண்டு. ஐந்நூறு மைல் ஓடியபின் எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை அதே ரெஞ்சால் சரிபாருங்க. ஒவ்வொன்றின் தலையிலும் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால், அடுத்த முறை அது நகர்ந்திருக்கிறதா என்பது குனிந்து பார்த்தாலே தெரியும்.